டை மைக்ரேஷன்: சாயப்பெயர்வா, சாயவூறலா?

அன்புள்ள குழுவினருக்கு,

ஸ்க்ரீன் பிரிண்டிங் பழக வரும் பிள்ளைகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். டை மைக்ரேஷன், அதாவது துணியின் சாயம் மேலே அச்சடித்த மைக்குள் ஏறி அதன் நிறத்தை மாற்றும் கோளாறு, என்ற இடத்தில் வந்து நின்றுவிட்டேன். அதற்குத் தமிழ்ச் சொல்லாகச் சென்ற வாரம் இங்கே வந்த சாயக்கசிவு, சாயப்பெயர்வு இரண்டையும் கையேட்டில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் இடிக்கின்றன. ஏன் என்று சொல்லும் முன், நடப்பது என்ன என்று கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

சிவப்புப் பாலியெஸ்டர் ஜெர்சி, முதுகில் வெள்ளை எண். உலர்த்தியிலிருந்து வெளியே வரும்போது பால்வெள்ளையாக இருந்தது. சூடு ஆறுவதற்குள் அடுக்கிப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டோம். மூன்றாம் நாள் பெட்டியைத் திறந்தால் எண்கள் எல்லாம் ரோஸ். அடுக்கின் மேலே இருந்தவை லேசாக, சூடு தங்கிய நடுப்பகுதியில் இருந்தவை நன்றாகவே சிவந்திருந்தன. தேய்த்தாலும் துவைத்தாலும் போகவில்லை. சாயம் மையின் மேலே படிந்திருந்தால் கொஞ்சமாவது கையோடு வந்திருக்கும். அது மைக்குள்ளேயே குடியேறிவிட்டது.

பாலியெஸ்டருக்குப் போடுவது டிஸ்பர்ஸ் சாயம். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பாகப் பிணைந்துவிடும். டிஸ்பர்ஸ் சாயத்துக்கு அந்தப் பிணைப்பு கிடையாது, இழைக்குள் கரைந்து உட்கார்ந்திருப்பதோடு சரி. சூடு பட்டால் இழை நெகிழ்ந்து வழிவிடும். அச்சுக்குப் போடும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மை வேக, அதாவது சூட்டில் இறுகித் துணியில் பிடிக்க, வழக்கமாக 160 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சாயம் ஆவியாகிக் கிளம்புகிறது. மேலே இருக்கும் மையிலோ பிளாஸ்டிசைசர், அதாவது பிளாஸ்டிக்கை இளக்கமாக வைக்கும் திரவம், நிறைய இருக்கிறது. டிஸ்பர்ஸ் சாயத்துக்கு அது நல்ல கரைப்பான். வந்த சாயத்தை மை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

இனி சொற்கள். கசிவு என்றால் உள்ளிருப்பது வெளியே ஒழுகுவது. துவைக்கும்போது தண்ணீரில் சாயம் இறங்குவதற்கு அந்தச் சொல் சரி. ஆங்கிலத்தில் இரண்டையும் பிளீடிங் என்று கலந்து சொல்லுகிறார்கள், நாமும் கலக்க வேண்டியதில்லை. ஒன்றுக்குத் தீர்வு சாயத்தை நன்றாக அலசுவது, மற்றதற்குத் தீர்வு சூட்டைக் குறைப்பதும் குறுக்கே தடுப்பு வைப்பதும். சொல் ஒன்றாக இருந்தால் பையன் தவறான மருந்தைத்தான் தேடுவான்.

பெயர்வு எனக்கும் முதலில் பிடித்திருந்தது. ஆனால் பட்டறையில் “பிரிண்ட் பெயர்ந்து வருது” என்றால் மை சரியாக வேகாமல் துணியிலிருந்து உரிந்து வருகிறது என்று பொருள். அது வேறு கோளாறு. அதற்குச் சூட்டைக் கூட்ட வேண்டும், இதற்குக் குறைக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டால் சட்டைதான் பாழாகும்.

என் முன்மொழிவு: சாயவூறல்.

எண்ணெய்க் கறை பிடித்த சுவருக்கு வெள்ளையடித்துப் பாருங்கள். அன்றைக்குப் பளிச்சென்றிருக்கும், சில நாளில் கறை அடியிலிருந்து ஊறி மேலே வரும். ஜெர்சியில் நடந்தது அச்சு அசலாக அதுதான். அடியிலிருந்து மேலே வருவதும், உடனே தெரியாமல் மெல்ல வருவதும், தடுக்காவிட்டால் வந்துகொண்டே இருப்பதும் ஆகிய மூன்றும் ஊறுதல் என்ற வினைக்குள்ளேயே இருக்கின்றன. கருத்துச் சொல்லுங்கள்.

*

மறுமொழி (வேதியியல் கற்பிப்பவர்)

ஐயா, சாயம் திண்மத்திலிருந்து நேரே ஆவியாவதால்தான் இது நடக்கிறது. பள்ளிப் பாடநூலில் பதங்கமாதல் என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. ஊறுவது நீர்மம். பதங்கச்சாயக்கறை என்று வைத்தால் காரணமும் சொல்லிலேயே வந்துவிடுமே?

*

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

பொருத்தம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஊறல் என்றதும் செய்தித்தாளில் வரும் சாராய ஊறல்தான் எனக்கு முன்னே வந்து நிற்கிறது. படிப்பவருக்கும் அப்படித் தோன்றாதா?

*

மறுமொழி (கையேடு எழுதுபவர்)

அம்மா, பதங்கமாதல் உண்மை, ஆனால் அது பாதிக் கதை. பெட்டிக்குள் மூன்று நாள் நடந்ததை அது சொல்லாது. உலர்த்தியின் சூட்டுக்கு எவ்வளவோ கீழேகூட, துணியும் மையும் ஒட்டியிருக்கும் இடத்தில் சாயம் பிளாஸ்டிசைசருக்குள் மெல்லப் பரவுகிறது. பதங்கம் என்று பெயரிலேயே எழுதினால், உலர்த்தியைத் தாண்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைக்க இடம் கொடுக்கிறோம். அந்த நினைப்பில்தான் நாங்கள் சூட்டோடு அடுக்கினோம். தவிர, பதங்கமாதலையே தொழிலாக வைத்துத் துணியில் படம் ஏற்றும் சப்ளிமேஷன் அச்சு தனியாக இருக்கிறது. அந்தச் சொல்லை அதற்கு விட்டுவைப்பது நல்லது. காரணத்தைக் கையேட்டின் விளக்கத்தில் எழுதலாம். பெயர், கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னால் போதும்.

சாராய ஊறலைப் பற்றி: தனியாக ஊறல் என்று நான் எங்கும் எழுதப்போவதில்லை, முன்னால் சாயம் நிற்கிறது. கிணறு ஊறுகிறது, எச்சில் ஊறுகிறது, ஊறுகாய் ஊறுகிறது. சாராயம் ஒன்றுக்காக அந்த வினையையே விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வேலை நேரத்தில் ஒரு பையனிடம் ரோஸ் அடித்த எண்ணைக் காட்டி, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் “என்னடா ஆச்சு?” என்று கேட்டேன். “கீழ இருந்து சாயம் ஊறிடுச்சுண்ணே” என்றான். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

கிளைச்சொற்களும் தடையில்லாமல் வருகின்றன. பாலியெஸ்டருக்கென்று வரும் லோ பிளீட் மையை ஊறல்தாங்கு மை எனலாம். இதில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும்: அந்த மைகளில் சில, சாயத்தை வெளுக்கும் பொருள் கலந்தவை. அவற்றைப் பருத்தித் துணிமேல் அச்சடித்துச் சூட்டோடு அடுக்கினால், அச்சின்மேல் படும் துணியில் எண்ணின் வெளிறிய நிழல் விழும். அதை நிழல்படிவு என்று எழுதியிருக்கிறேன்.

வெள்ளைக்கு அடியில் போடும் பிளாக்கரை ஊறல்தடுப்பு அடிப்பூச்சு எனலாம். சாயத்தைப் பிடித்து வைக்கக் கரித்தூள் சேர்ந்த வகை சாம்பல் நிறத்தில் இருக்கும், அதனால் மேலே வெள்ளை நன்றாக மூடும்படி விழ வேண்டும். இதை அடி மை என்று எழுத நினைத்துக் கைவிட்டேன். சேர்த்து எழுதினால் அடிமை ஆகிவிடுகிறது, பிரித்தே எழுதுங்கள் என்று எல்லாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

வேறு மறுப்பு இல்லையென்றால் கையேட்டில் இப்படிப் போடுகிறேன்:

சாயவூறல்: பாலியெஸ்டர் துணியின் சாயம் சூட்டால் கிளம்பி, மேலே அச்சடித்த மைக்குள் ஏறி அதன் நிறத்தை மாற்றுவது. சில நாள் கழித்தும் வெளிப்படலாம். தவிர்க்க: 130 டிகிரி அளவில் வேகும் லோ கியூர் மை, ஊறல்தடுப்பு அடிப்பூச்சு, மை வேகத் தேவையானதற்கு மேல் சூடு வைக்காமை, முழுக்க ஆறிய பிறகே அடுக்குதல். மொத்த வேலையைத் தொடங்கும் முன் அதே துணியில் ஒன்றை அச்சடித்துச் சில நாள் வைத்துப் பார்க்கவும்.