இருபது ஆண்டு வாடகை வருமானத்துக்குக் கட்டடம் வாங்க எந்த ஊர்?

கேள்வி

அமெரிக்காவில் எட்டு முதல் பன்னிரண்டு வீடுகள் கொண்ட வாடகைக் குடியிருப்புக் கட்டடம் ஒன்றை வாங்கி, இருபது ஆண்டுகளாவது விற்காமல் வைத்திருக்க எண்ணுகிறேன். மக்கள்தொகை பெருகும் ஊரில் வாடகை தானாக ஏறும் என்ற நம்பிக்கையில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினை முதலிடத்தில் வைத்திருந்தேன். ஆனால் அங்கே மக்கள் வந்துகொண்டிருக்கும்போதே 2023 முதல் வாடகை இறங்கியதைக் கண்டு குழம்பிப்போயிருக்கிறேன். நீங்கள் எதைப் பார்த்து ஊரை முடிவு செய்வீர்கள்?

முதல் மறுமொழி

எத்தனை பேர் வருகிறார்கள் என்பதோடு, அவர்களுக்காக எத்தனை வீடுகள் எழும்புகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்டினில் வட்டி குறைவாக இருந்த 2021ஆம் ஆண்டிலும் 2022இன் தொடக்கத்திலும் அனுமதி பெற்ற கட்டடங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிந்து சந்தைக்கு வந்ததால், குடியிருப்போரைப் பிடிக்க உரிமையாளர்கள் முதல் மாத வாடகையை விட்டுக்கொடுக்கும் நிலை வந்தது. நிலம் தாராளமாகவும் அனுமதி எளிதாகவும் உள்ள ஊர்களில் இது மீண்டும் நிகழும். கலிபோர்னியக் கடலோர நகரங்களில் புதிதாகக் கட்டுவது கடினம். ஆனால் அந்தப் பற்றாக்குறையை விற்பவர் முன்கூட்டியே விலையில் ஏற்றிவிடுவதால் தொடக்க ஆண்டுகளில் கையில் நிற்பது சொற்பமே. கட்டட அனுமதி எண்ணிக்கையை அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் மாதந்தோறும் இலவசமாக வெளியிடுகிறது. விலை பேசுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்னது சரிதான் என்றாலும், இருபது ஆண்டுக் கணக்கில் இரண்டு மூன்று ஆண்டு வாடகைச் சரிவு தாங்கக்கூடியதே. ஊரே காலியாவதைத்தான் தாங்க முடியாது. 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் வாழ்ந்த, கார்த் தொழில் நகரமான டெட்ராய்ட்டில் 2010இல் இருந்தவர்கள் 7.14 லட்சம் பேர் மட்டுமே. 2013இல் நகராட்சி திவால் மனு கொடுத்தது. ஒரே தொழிலை நம்பிய ஊரின் ஆபத்து இதில் தெரியும். அதற்காக மக்கள்தொகை குறைந்த ஊர்களையெல்லாம் ஒதுக்கிவிடவும் வேண்டாம். எஃகு ஆலைகளை இழந்த பிட்ஸ்பர்க்கின் மக்கள்தொகை 1950இல் இருந்ததில் பாதிகூட இல்லை. ஆயினும் மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் அங்கே வேலை தருவதால், அவற்றைச் சுற்றியுள்ள பகுதிகளில் வாடகைக்கு ஆள் கிடைக்கிறது. ஊரின் பெயரைவிட, யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

மூன்றாம் மறுமொழி

சட்டத்தையும் வரியையும் இருவரும் தொடவில்லை. மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகர வாக்காளர்கள் 2021இல் ஆண்டு வாடகை உயர்வுக்கு 3 சதவீத உச்சவரம்பு விதித்தார்கள். புதுக் கட்டடங்களுக்கும் அது பொருந்தியதால் அனுமதி விண்ணப்பங்கள் சரிந்து, மறு ஆண்டே நகரமன்றம் விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. கலிபோர்னியாவில் 2020 முதல், பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெரும்பாலான வாடகைக் கட்டடங்களுக்கு, விலைவாசி உயர்வுடன் 5 சதவீதம் சேர்த்து, எப்படியும் 10 சதவீதத்தைத் தாண்டாத வரம்பு உள்ளது. டெக்சஸில் மாநில வருமான வரி இல்லை என்று மகிழ்பவர்கள், அந்த இடத்தைச் சொத்து வரி நிரப்புவதை மறந்துவிடுகிறார்கள். புளோரிடாக் கடலோரத்தில் காப்பீட்டுக் கட்டணமே சில கட்டடங்களின் லாபத்தை விழுங்கியிருக்கிறது. ஐந்தோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள கட்டடத்துக்கு வணிகக் கடன்தான் கிடைக்கும் என்பதையும், அதன் வட்டி பெரும்பாலும் சில ஆண்டுகளில் மறுநிர்ணயத்துக்கு வரும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சொத்து வரிக்கு, விற்பவர் கடைசியாகக் கட்டிய ரசீதையே கணக்கில் எடுத்துக்கொள்ளலாமா?

மூன்றாமவர்

கூடாது, குறிப்பாகக் கலிபோர்னியாவில். 1978இல் அம்மாநில வாக்காளர்கள் நிறைவேற்றிய 13ஆம் முன்மொழிவு என்ற சொத்து வரிச் சட்டத்தின்படி, ஒருவர் கைவசம் இருக்கும்வரை வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கைமாறியவுடன் அது சந்தை மதிப்புக்குத் தாவும். பழைய உரிமையாளர் 8 லட்சம் டாலர் மதிப்புக்கு 1 சதவீத அடிப்படை வரியாக 8,000 டாலர் கட்டியிருக்கலாம். அதே கட்டடத்தை 20 லட்சத்துக்கு வாங்கும் நீங்கள் 20,000 கட்டுவீர்கள். ஆண்டு நிகர வருமானம் விலையில் 5 சதவீதம் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டால், அந்த 12,000 டாலர் வித்தியாசம் நிகர வருமானத்தில் குறைவதால், நீங்கள் கேட்கும் விலையில் 2,40,000 டாலர் வரை குறைக்க வேண்டியிருக்கும்.