பழைய செஸ் செட் சேர்க்கிறவங்க யாராச்சும் இருக்கீங்களா?

வணக்கம் மக்களே, எனக்கு பழைய செஸ் செட் சேர்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை, ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னே புரியல. 1849ல லண்டன் ஜேக்ஸ் கம்பெனி போட்ட ஸ்டான்டன் டிசைன் (இப்ப போட்டிகள்ல பார்க்கிற அதே வடிவக் காய்கள்) செட்டுதான் கனவு, பாக்ஸ்வுட்டும் கருங்காலியும், அடியில ஈயம் வச்சு கையில எடுத்தாலே கனமா இருக்குமாம், அது நம்ம பர்ஸுக்கு எட்டாது, விடுங்க.

போன வாரம் ஆன்லைன்ல ஒருத்தர் "நூறு வருஷத்து இங்கிலாந்து செட்"னு போட்டோ அனுப்பினார். ராஜாவோட அடி விளிம்புல கம்பெனி பேர் இருக்கு, ராஜா பக்கத்து குதிரையிலயும் யானையிலயும் கிரீட முத்திரையும் இருக்கு, ஆனா அடியில பச்சைத் துணி பளபளன்னு புதுசு, ஒரு குதிரைக்கு காது வேற உடைஞ்சிருக்கு. துணி மாத்தியிருந்தா பரவால்ல, அமிர்தசரஸ்ல இப்ப செய்ற காப்பியா இருந்தா? அந்த காப்பியும் அழகுதான், ஆனா அந்த விலைக்கு இல்லையே!

மரத்தோட வயச எப்படி பார்க்கிறது? காது ஒட்ட வச்சா மதிப்பு குறையுமா? முதல்ல சோவியத் மர செட்டுல ஆரம்பிக்கலாமா?

யானைத் தந்தத்துல செஞ்ச செட்டு இருக்குன்னு மட்டும் இன்பாக்ஸ் வராதீங்க, அது இங்க விக்கவே கூடாது.