1970களின் மென்மையான சோல் பாடல்கள்: பிறப்பதற்கு முந்தைய பாட்டு என்னை ஏன் பிடித்து வைத்திருக்கிறது?

இரவுப்பணி96:
இரவு வேலை முடிந்து விடியற்காலையில் வீடு திரும்பும்போது நான் கேட்பது பெரும்பாலும் 1970 முதல் 1974 வரை வந்த அமெரிக்கச் சோல் பாடல்கள்தான், அதாவது அங்கே கறுப்பினக் கலைஞர்கள் வளர்த்த உருக்கமான பாட்டு வகை. அல் கிரீன், பில் விதர்ஸ், ஸ்டைலிஸ்டிக்ஸ், ரொபெர்டா ஃபிளாக். பழைய நினைவின் ஏக்கம் என்று சொல்லவும் வழியில்லை, நான் பிறந்ததே 1996இல். வீட்டிலும் இவற்றைக் கேட்டவர் எவருமில்லை. அப்பாவுக்குச் சீர்காழி கோவிந்தராஜன், அதோடு சரி. ஐம்பது ஆண்டு கழித்தும் இந்தப் பாட்டுகளில் மனம் இப்படி அடங்குவது ஏன்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "நல்ல பாட்டு என்றால் அப்படித்தான்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

தாளக்கணக்கு:
வேகம் குறைவு, அவ்வளவுதான். தாலாட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது.

கறாரன்:
ஓட்டல் லிஃப்டிலும் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் ஒலிப்பதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? அதே 1971இல் மார்வின் கே "வாட்ஸ் கோயிங் ஆன்" என்று வியட்நாம் போரையும் தன் தெருவின் துயரத்தையும் பாடினார். அதில் விஷயம் இருந்தது. மற்றதெல்லாம் வயலின் கலந்த சர்க்கரைப்பாகு.

நாலுதந்தி:
வேகம் குறைவு என்றவர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அல் கிரீனின் "லெட்ஸ் ஸ்டே டுகெதர்" பாட்டுக்குத் தாளம் போடட்டும். நிமிடத்துக்கு 100 தட்டுக்குக் குறையாது. விறுவிறுவென்று நடந்து போகிறவனின் வேகம் அது.

ஓட்டல் மேடைகளில் பேஸ் கிட்டார் வாசித்துப் பிழைக்கிறவன் நான். புதிதாக வரும் டிரம்ஸ்காரர்கள் இந்தப் பாட்டில்தான் இடறுவார்கள். சத்தத்தைக் குறையுங்கள் என்றால் வேகமும் கூடவே இறங்கிவிடும். வேகத்தைப் பிடித்தால் சத்தம் ஏறிவிடும். சத்தம் தணிந்திருக்கும்போதே தாளம் அசையாமல் நிற்க வேண்டும், கஷ்டம் அங்கேதான். அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சன் பாட்டை எழுதியவர்களில் ஒருவரும்கூட. ஓர் அடியைக்கூட அவர் வீணாக அடிக்கவில்லை.

பதிவு நடந்தது அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் உள்ள ராயல் ஸ்டுடியோவில். அது ஒரு பழைய திரையரங்கு, தரை இன்னும் சரிவாகத்தான் இருக்கிறது. அங்கே தயாரிப்பாளர் வில்லி மிட்செல், தாமே டிரம்பெட் கலைஞர், அல் கிரீனை விடாமல் நச்சரித்தது ஒன்றுக்காகத்தான்: கத்தாதே, குரலைத் தணி. உரக்கப் பாடிப் பழகியவருக்கு அது பிடிக்கவில்லை, சண்டை பிடித்திருக்கிறார். 1972 பிப்ரவரியில் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. உரக்கப் பாடும் வலு உள்ளவர் வேண்டுமென்றே அடக்கி வாசிப்பது கேட்பவருக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. உங்கள் மனம் அடங்குவது அதனால்தான் என்பது என் கட்சி. வலுவே இல்லாத குரலில் வரும் மென்மை இரண்டாவது பாட்டிலேயே சலித்துவிடும்.

பில் விதர்ஸ் "எய்ன்ட் நோ சன்ஷைன்" பாடியபோது விமானங்களுக்குக் கழிப்பறை இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். நடுவில் "ஐ நோ" என்று 26 முறை வருகிறதே, அந்த இடத்துக்கு வேறு வரிகள் எழுதுவதாக இருந்தார். கூட வாசித்த அனுபவசாலிகள் "அப்படியே விடு" என்றார்கள். விட்டுவிட்டார். மொத்தப் பாட்டே இரண்டு நிமிடச் சொச்சம்தான். இன்று யாராவது துணிவார்களா?

கறாரன் ஐயாவுக்கு ஒன்று. பாகு என்கிறீர்களே, உள்ளே இருப்பதைப் பாருங்கள். பில்லி பாலின் "மீ அண்ட் மிஸஸ் ஜோன்ஸ்", 1972. இன்னொருவரின் மனைவியோடு தினமும் ஒரே காபிக் கடையில் திருட்டுத்தனமாகச் சந்திக்கிறவனின் பாட்டு. ஒரு தம்பதியின் இருபத்தைந்தாம் திருமண நாள் விருந்தில் கணவரே சீட்டு எழுதிக் கொடுத்து அதைக் கேட்டார். வாசித்தோம். அம்மையார் மேசையில் விரலால் தாளம் போட்டு ரசித்தார். எங்கள் பாடகர்தான் கடைசி வரை அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இரவுப்பணி96:
நன்றி அண்ணா. ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் "யூ ஆர் எவ்ரிதிங்" தொடக்கத்தில் சிதார் கேட்கிறதே, அது உண்மையான சிதாரா?

நாலுதந்தி:
எலெக்ட்ரிக் சிதார். கோரல் என்ற பெயரில் 1967இல் வந்தது. பிடிப்பதும் வாசிப்பதும் கிட்டார் மாதிரியேதான். தந்திகளைத் தாங்கும் கட்டையான குதிரை மட்டும் அகலமாக, தட்டையாக இருக்கும், தந்தி அதை உரசிக்கொண்டே அதிரும். தம்புராவில் தந்திக்கு அடியில் செருகும் நூலை, அதாவது ஜீவாவை, நகர்த்தி ரீங்காரம் எடுக்கிறோம் அல்லவா, அதற்கு ஒன்றுவிட்ட உறவு.

அதை அங்கே கொண்டுவந்து வைத்தவர் அந்தக் குழுவின் தயாரிப்பாளர் தாம் பெல். பிலடெல்பியாவில் வளர்ந்தவர், மேற்கத்திய செவ்வியல் பியானோ பயின்றவர். காதல் பாட்டுக்குள் பிரெஞ்சு ஹார்ன், ஓபோ என்ற செவ்வியல் ஊதுகருவிகளைக் கூச்சமில்லாமல் கொண்டுவந்தார். வரிகள் லிண்டா கிரீட். அடுத்து "யூ மேக் மீ ஃபீல் பிராண்ட் நியூ" கேளுங்கள். குழுவின் ஏரியன் லவ் தாழ்ந்த குரலில் தொடங்குவார், பிறகு ரசல் தாம்ப்கின்ஸ் பொய்க்குரலில் மேலே எடுத்துக்கொள்வார். அந்தக் கைமாற்றத்துக்காகவே நான் அதை எத்தனை முறை கேட்டேனோ.

கறாரன்:
பில் விதர்ஸ் சரி, ஒப்புக்கொள்கிறேன். அடுத்து அந்த அண்ணன் தங்கை குழு கார்ப்பென்டர்ஸ் என்று ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

நாலுதந்தி:
ஆரம்பிக்கத்தான் போகிறேன். 1971இல் வந்த "சூப்பர் ஸ்டார்". திரும்பி வருவதாகச் சொல்லிப் போன கிட்டார்காரனுக்காகக் காத்திருக்கும் பெண். அவள் கேட்பது வானொலியில் அவன் வாசிப்பை மட்டும்தான். மூலப் பாட்டில் படுக்கையைப் பற்றி வெளிப்படையாக இருந்த ஒரு வரியை வானொலிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று அண்ணன் ரிச்சர்ட் மாற்றினார். தங்கை கேரன் அந்தத் தாழ்ந்த குரலில் பாடும்போது மாற்றியதால் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. அதைக் கேட்டுவிட்டு எழுந்து போங்கள், தடுக்க மாட்டேன்.