ஒரு சார்ஜில் 40 கி.மீ.: தாம்பரம் டு கிண்டி இ-சைக்கிளில் போய்வர முடியுமா?

கதிர்_தாம்பரம்:
பக்கத்து இழையில் ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார்: "இ-சைக்கிள் வாங்குங்க, ஒரு சார்ஜில் 40 கி.மீ. போகும், தாம்பரத்திலிருந்து கிண்டி போய் வந்துடலாம், ஸ்கூட்டரை வித்துடுங்க." நம்பி வித்தவன் நடுரோட்டில் நின்னா இவர் வந்து தள்ளுவாரா? கணக்கைப் பாருங்க. 36 வோல்ட், 10.4 ஆம்பியர் ஹவர் பேட்டரி. பெருக்கினா 374 வாட் ஹவர். பேட்டரியைக் காக்கிற பிஎம்எஸ் சர்க்யூட் அடிவரைக்கும் இறங்க விடாது, கையில் கிடைப்பது சுமார் 340. த்ராட்டிலை முறுக்கியே ஓட்டினா கி.மீ.க்கு 14 வாட் ஹவர் குடிக்கும். 24 கி.மீ.தான் வரும். போக 17, வர 17. திரும்பி வரும்போது மீனம்பாக்கத்திலேயே படுத்துடும். 40 எங்கேருந்து வந்தது?

மிதிவேகம்:
அந்த ஒருத்தர் நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். முறுக்கிட்டே போறதுக்கு மொபெட் இருக்கு. கூடவே மிதிச்சா 7 வாட் ஹவர்தான். 340ஐ 7ஆல் வகுங்க, 48 வரும். குறைச்சே 40னு சொன்னேன்.

கதிர்_தாம்பரம்:
மே மாச வெயிலில் ஜி.எஸ்.டி. ரோட்டில் 34 கி.மீ. யார் சார் மிதிப்பா? மிதிக்க முடியாதுன்னுதானே மோட்டார் வெச்சதை வாங்கறாங்க? 24தான்.

டார்க்_தங்கவேல்:
ரெண்டு பேரும் 7, 14னு ஏலம் விடறீங்களே, சென்சார் என்னன்னு ஒருத்தராவது சொன்னீங்களா? டார்க் சென்சார்னா காலோட அழுத்தத்துக்கு ஏத்த மாதிரி மோட்டார் உதவும், 7 சரி. இங்கே குறைஞ்ச விலையில் வர்றதில் பெரும்பாலும் கேடன்ஸ் சென்சார். பெடல் சும்மா சுத்தினாலே அது மோட்டாரை ஓட விட்டுடும், கி.மீ.க்கு 10, 11 ஆகும். அப்போ 31தான். 40ம் இல்லை, 24ம் இல்லை.

இன்னொண்ணு. பேட்டரியில் ஒரு செல் வரிசை தளர்ந்திருந்தா 31 கி.மீ. வரைக்கும்கூட ஒழுங்கா ஓடாது. உள்ளே 10 செல் வரிசை. முழு சார்ஜில் 42 வோல்ட். பாதிக்கு மேல் தீர்ந்த பிறகு மேம்பாலம் ஏறினா லோடில் வோல்டேஜ் 31க்குக் கீழே சரியும், கட் ஆகும். ஓரமா நிறுத்தினா மறுபடி 34க்கு ஏறி டிஸ்ப்ளேயில் ரெண்டு கோடு சார்ஜ் காட்டும். உடனே மோட்டாரை இயக்கற கன்ட்ரோலர் போச்சுன்னு புதுசு மாத்திடறாங்க, காசு தண்டம். மல்டிமீட்டரை எடுத்து, எல்லா வரிசையிலேருந்தும் வயர் வந்து சேர்ற பேலன்ஸ் கனெக்டரில் ஒவ்வொரு வரிசையா வெச்சுப் பாருங்க. மத்ததைவிட 0.1 வோல்ட் கீழே நிக்கிற வரிசைதான் குற்றவாளி.

செல்வி_குரோம்பேட்டை:
கிண்டிக்கு யாருங்க சைக்கிளில் போறா? மின்சார ரயில் இருக்கு. 2021லேருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டே கிடையாது. அதை விட்டுட்டு எவளும் இ-சைக்கிளுக்கு வரமாட்டா. வீட்டிலேருந்து ஸ்டேஷன் வரைக்கும் 3 கி.மீ. இருக்கே, ஷேர் ஆட்டோவுக்குக் காத்துக் கிடக்கற அந்தத் தூரத்துக்குத்தான் இது. லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்: மோட்டார் 250 வாட்டுக்குள்ள, வேகம் 25க்குள்ள இருந்தா போதும். 3 கி.மீ.க்கு உங்க 24ம் 40ம் எதுக்கு? ஸ்டேஷன் ஸ்டாண்டில் பேட்டரியைக் கழட்டி எடுத்துட்டுப் போகணும். ரெண்டரை கிலோ தோளில் தொங்கும். அதைப் பேசுங்க.

மிதிவேகம்:
ஆபீஸில் சார்ஜ் போட்டா 17 போதும், பேச்சே முடிஞ்சது. 40 வருமா வராதான்னு கேட்டா, வரும்.

கதிர்_தாம்பரம்:
இப்போ 17க்கு இறங்கிட்டார், பாருங்க.

மிதிவேகம்:
இறங்கலை. மிதிச்சா 40.

டார்க்_தங்கவேல்:
ஆபீஸ் சார்ஜ்னு சுலபமா சொல்லிட்டீங்க. 2 ஆம்பியர் சார்ஜருக்கு காலி பேட்டரி முழுசா ஏற அஞ்சரை மணி நேரம். வெயிலில் வந்த வேகத்தோட பிளக்கைச் சொருகக் கூடாது. செல் 45 டிகிரிக்கு மேல் இருக்கும்போது சார்ஜ் ஏத்தினா ஆயுசு குறையும். நிழலில் வெச்சு, தொட்டா சூடு தெரியாத பிறகு போடுங்க.

அப்புறம் மிதிவேகம் சார், போன மாசம் டார்க் ஆர்ம், அதான் ஆக்சில் சுழலாம பிடிச்சு வெக்கிற உலோகத் துண்டு, அதைப் பத்தின இழையில் "அது வேண்டாத செலவு"ன்னு எழுதினது நீங்கதானே? அலுமினிய ஃபோர்க்கில், சக்கரத்து நடுவில் இருக்கற ஹப் மோட்டாரை வெறும் நட்டில் மட்டும் நிறுத்தினா, ஆக்சில் சுழண்டு, அது உட்கார்ற டிராப்அவுட் பள்ளத்தைப் பிளந்துடும், வயரையும் அறுத்துட்டுப் போயிடும். அந்த வரியை இன்னும் நீங்க எடுக்கலை.

மிதிவேகம்:
ஸ்டீல் ஃபோர்க்குக்குச் சொன்னேன். முழுசாப் படிக்காம வந்து பாடம் எடுக்காதீங்க.

டார்க்_தங்கவேல்:
ஸ்டீல்னு அதில் ஒரு எழுத்துகூட இல்லை. டயர் காத்தையும் இங்கே யாரும் பேசலை. 50 பி.எஸ்.ஐ. பிடிக்கிற டயரை 30ல் ஓட்டினா, உங்க 7 தானா மேலே ஏறும்.

செல்வி_குரோம்பேட்டை:
ஸ்டேஷன் ஸ்டாண்டு?

கதிர்_தாம்பரம்:
ஸ்டாண்டுக்குத் தனி இழை போடுங்கம்மா. இங்கே கேள்வி ஒண்ணுதான். 24. மாத்திக்க மாட்டேன்.

மிதிவேகம்:
40.

டார்க்_தங்கவேல்:
சென்சார் எதுன்னு ரெண்டு பேருமே இன்னும் சொல்லலை.