கேமராவுக்கு எந்த பேட்டரி நல்லது? புது செல் போட்டும் 20 போட்டோவுல நின்னு போகுது

தேரூர் குளக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கிட்ட கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்160 இருக்கு, மாமா சவுதில இருந்து வரும்போ கொண்டு வந்தது, 16 மடங்கு ஜூம், ரெண்டு டபுள் ஏ செல் போடுத மாடல். லீவு நாள்னா விடியுததுக்கு முன்ன சுசீந்திரம் குளம், தேரூர் குளம்னு பறவை எடுக்கப் போயிருவேன், இப்பம் கூழைக்கடாவும் மஞ்சமூக்கு நாரையும் நல்லா வந்து நிக்குது. பிரச்சினை என்னன்னா கடைல புது ஆல்கலைன் செல் வாங்கிப் போட்டா 20, 25 போட்டோ தான் வருது, ஜூம் போகும்போதே பேட்டரிய மாத்துன்னு காட்டிட்டு லென்ஸ உள்ள இழுத்துக்கிடுது. அதே செல்ல எடுத்து வீட்டு செவர் கடிகாரத்துல போட்டேன், மூணு மாசமா ஓடுது! அப்பம் செல் தீரல தானே? நேத்து ஒரு நீலத் தாழைக்கோழி, பின்னாலயே ரெண்டு குஞ்சு, கறுப்பா பஞ்சு உருண்டை மாதிரி, தாமரை இலை மேல நடந்து எனக்கு நேரா வருது, சரியா அப்பம் கேமரா அணைஞ்சு போச்சு. எனக்கு அழுகையே வந்துட்டு. ஆன்லைன்ல 4600 எம்ஏஎச்னு (செல் எவ்வளவு சார்ஜ் கொள்ளும்ங்குத அளவு) போட்டு ரீசார்ஜபிள் செல் கொறஞ்ச விலைக்கு கெடக்கு, அத வாங்கவா? இல்ல கேமராவையே மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மார்த்தாண்டம் கல்யாண போட்டோ:
தம்பி, கேமராவ மாத்தாதீங்க, அதுல ஒரு கோளாறும் இல்ல. ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் எடுக்குத சாமானுக்கு நல்லா ஒத்து வரும், கடிகாரம் ரிமோட் மாதிரி. கேமரா அப்படி இல்ல, லென்ஸ் மோட்டார் ஓடும்போவும் பிளாஷ் ஏறும்போவும் ஒரே இழுவையா இழுக்கும், ஆல்கலைன் செல்லுக்கு உள்ளுக்குள்ள ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட தடுக்குத தன்மை, கூடுதல், அதனால அந்த நேரம் வோல்ட் சடார்னு எறங்கும், கேமரா அதப் பாத்துட்டு செல் தீந்து போச்சுன்னு முடிவு பண்ணி மூடிக்கிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் 1.2 வோல்ட் தான், எண்ணத்துக்கு கொறவா தெரியும், ஆனா எவ்வளவு இழுத்தாலும் தாங்கி நிக்கும், தீருத வரைக்கும் அந்த 1.2 பக்கத்துலயே இருக்கும். உங்க கேமரா மேனுவல்ல ரெண்டுக்கும் எத்தன போட்டோன்னு தனித்தனியா போட்டிருக்கும், பாருங்க, ரீசார்ஜபிளுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல இருக்கும்.

அந்த 4600 பொய். டபுள் ஏ சைஸ்ல இந்த வகை செல் 2500, மிஞ்சிப் போனா 2800, அதுக்கு மேல கொள்ளாது. நானும் ஒரு தடவ அப்படி நாலு செல் வாங்கி பிளாஷ்ல போட்டு முகூர்த்த நேரத்துல மாட்டிக்கிட்டேன், தாலி கட்டும்போ பிளாஷ் ஏறவே இல்ல, பொண்ணு வீட்டுக்காரங்க என்னையவே பாக்காங்க. அன்னைக்கு ராத்திரி வீட்டு அடுக்களை தராசுல வச்சுப் பாத்தேன், எனக்க பழைய நல்ல செல் 27 கிராம், அது 16 தான் இருந்தது. கையில தூக்கினாலே தெரியும், உள்ள சரக்கு இல்லாதது எடை இருக்காது.

நான் எனலூப்னு ஒரு ரீசார்ஜபிள் செல் தான் போடுதேன். 2005ல சான்யோ கொண்டு வந்தது, இப்பம் பானாசோனிக் பேர்ல வருது. பழைய ரீசார்ஜபிள் எல்லாம் பையில சும்மா கெடந்தாலே ஒண்ணு ரெண்டு மாசத்துல தன்னால எறங்கிரும், இது வருஷம் கழிச்சு எடுத்தாலும் பெரும்பாகம் சார்ஜ் இருக்கும். வெள்ளை 1900, கறுப்பு ப்ரோ 2500. கறுப்புல கூடுதல் போட்டோ வரும் ஆனா கம்பெனி கணக்குல 500 தடவ சார்ஜ் தான், வெள்ளை அதுக்கும் எவ்வளவோ மேல. உங்களுக்கு வெள்ளை போதும், நாலு செல் வாங்குங்க, ரெண்டு கேமராவுல ரெண்டு பாக்கெட்ல. ஜோடி மாறக் கூடாது, நான் ஒரு ஜோடிக்கு செவப்பு நெயில் பாலிஷ் பொட்டு, இன்னொண்ணுக்கு பச்சை பொட்டு வச்சிருக்கேன்.

கடியபட்டணம் காத்து:
அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஒண்ணு சேத்துக்கிடுங்க. நம்ம மாவட்டத்துல ஆனி ஆடில ஒரு மழை, ஐப்பசி கார்த்திகைல இன்னொரு மழை, இதுல எங்கள மாதிரி கடல் பக்கம்னா உப்புக்காத்து வேற, பேட்டரி மூடிக்குள்ள இருக்க தகடு பச்சை புடிச்சிரும். புது செல் போட்டும் நிக்குதுன்னா மொதல்ல அந்த தகட பாருங்க, பென்சில் அழிக்குத ரப்பர வச்சு பைய தேச்சு, தூள் உள்ள விழாம கேமராவ கவுத்துப் புடிச்சு ஒரு தட்டு தட்டுங்க. ஆல்கலைன் செல்ல போட்டு மாசக்கணக்குல மறந்துட்டா அது ஒழுகும், வெள்ளையா பொரிஞ்சு நிக்கும், கைல படாம காது குடையுத பஞ்சுல ஒரு துளி வினிகர் தொட்டு துடைச்சு நல்லா காய வச்சிரணும். எங்க அப்பாக்க கேமரா அப்படித் தான் போச்சு, நான் சின்னப் பையனா இருக்கும்போ எடுத்த எல்லா படமும் அதுல எடுத்தது.

புலியூர்க்குறிச்சி:
நிக்கான் கூல்பிக்ஸ் எல் வரிசை வச்சிருக்கவங்க மெனுவுல பேட்டரி டைப்ப மாத்திரணும், இல்லன்னா பாதி சார்ஜ் இருக்கும்போதே தீந்துன்னு காட்டும்.

தேரூர் குளக்கரை:
ரொம்ப நன்றிண்ணே. சார்ஜர் எது வாங்கணும்? அப்பம் கடைல ஒருத்தர் 14500ன்னு ஒரு செல் காட்டினாரு, இதே சைஸ் தான், லித்தியம், பவர் கூடுதல்னாரு.

மார்த்தாண்டம் கல்யாண போட்டோ:
ஐயோ அத போட்டுராதீங்க! அது ஒண்ணு 3.7 வோல்ட், ரெண்டு போட்டா 7.4, கேமரா அவிஞ்சிரும். 1.5 வோல்ட் லித்தியம்னு சார்ஜ் பண்ண முடியாதது வேற ஒண்ணு இருக்கு, எடை கொறவு, நல்லா உழைக்கும், ஆனா விலை கூடுதல், அவசரத்துக்கு ரெண்டு பையில கெடக்கட்டும். சார்ஜர் வாங்கும்போ ஒவ்வொரு செல்லுக்கும் தனி லைட் இருக்கான்னு பாருங்க, நெறஞ்சதும் தன்னால நிக்கணும். ஜோடி ஜோடியா ஏத்துதது வேண்டாம், ஒண்ணு பொங்கும், ஒண்ணு பாதில நிக்கும்.

தேரூர் குளக்கரை:
மூணு வாரம் கழிச்சு வாறேன். தகட ரப்பர் வச்சு தேச்சேன், கறுப்பா அழுக்கு வந்தது. வெள்ளை நாலும் தனி லைட் சார்ஜரும் வாங்கினேன். இன்னைக்கு காலைல 5.45ல இருந்து 8.30 வரை 212 போட்டோ, ரெண்டு வீடியோ, செவப்பு பொட்டு ஜோடியே தீரல, பச்சைய எடுக்கவே இல்ல. தாழைக்கோழி குஞ்சு ரெண்டும் பெருசாயிட்டு, தாய்க்குப் பின்னால போகாம தனியா மேயுது. அதுல ஒண்ணு தாமரைத் தண்ட கால்ல புடிச்சு தூக்கித் திங்குத படம் கெடச்சுது, ராத்திரி ஏத்துதேன்.