டீசல் பிக்கப் ஆட்டோமேட்டிக்: ஃப்ளெக்ஸ் பிளேட் விரிசல், மாற்றும்போது என்ன கவனிக்கணும்?

மண்பாதை:

வணக்கம். ஃபோர் வீல் டிரைவ் டீசல் பிக்கப், 6 கியர் ஆட்டோமேட்டிக். ஐடிலில் பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் கியர்பாக்ஸ் முன்கூடு) பக்கமிருந்து 'டக் டக்' என்று இரும்பைத் தட்டுகிற சத்தம். டிரைவில் போட்டு பிரேக்கை மிதித்தால் அடங்குகிறது, நியூட்ரலுக்கு வந்தால் திரும்பவும் கேட்கிறது. பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) போய்விட்டதோ என்ற சந்தேகத்தில் ஸ்கேனர் வைத்து ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டரை நிறுத்திப் பார்த்தேன். சத்தத்தில் மாற்றமே இல்லை. பிறகு கீழே இன்ஸ்பெக்‌ஷன் மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், ஃப்ளெக்ஸ் பிளேட்டில் (இன்ஜின் கிராங்க்கையும் டார்க் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு) கிராங்க் போல்ட்டுகளைச் சுற்றிப் பிறை வடிவ விரிசல், கால் வட்டத்துக்கு ஓடுகிறது. போன வருடம் ஓவர்ஹாலுக்காக கியர்பாக்ஸ் ஒருமுறை இறங்கி ஏறியிருக்கிறது.

வெல்டு வைத்து ஓட்டலாமா? இன்ஜினைத் தொடாமல் கியர்பாக்ஸை மட்டும் இறக்கி மாற்ற முடியுமா? கூடவே என்னென்ன வாங்கி வைக்கணும்?

ஸ்பானர்17:

வெல்டு வேண்டவே வேண்டாம். டார்க் கன்வெர்ட்டர், அதாவது இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம், ஓடும்போது உள் அழுத்தத்தில் லேசாக உப்பும். அந்த முன்பின் அசைவுக்கு வளைந்து கொடுக்கத்தான் ஃப்ளெக்ஸ் பிளேட்டை மெல்லிய தகடாகச் செய்கிறார்கள். வெல்டு வைத்த இடம் விறைத்துவிடும், அதன் ஓரத்திலேயே அடுத்த விரிசல் கிளம்பும், தகடும் கோணும். இப்போதைய நிலையில் வண்டியை எடுக்கவும் வேண்டாம். நடுப்பகுதி முழுதாக அறுந்தால் இன்ஜின் சுற்றும், வண்டி நகராது. கழன்ற துண்டு பெல் ஹவுசிங்கையும் உடைத்துவிடலாம்.

இன்ஜின் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) முதலில் தனியாக இறக்குங்கள். கியர்பாக்ஸோடு சேர்த்து இறக்கினால் எடையும் அதிகம், பின்பக்கம் சாய்ந்து ஜாக்கியில் நிலைகொள்ளாது.

பேட்டரி நெகடிவ்வை எடுங்கள், இரண்டு பேட்டரி இருந்தால் இரண்டிலும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டுகளுக்கு ஃப்ளேஞ்சில் பெயின்ட் குறி போட்டுவிட்டுக் கழற்றுங்கள். ஏடிஎஃப் ஆயிலை வடித்து, கூலர் குழாய்களின் வாயை அடைத்து வையுங்கள். ஸ்டார்ட்டர் வெளியே வந்ததும் கன்வெர்ட்டர் போல்ட்டுகளுக்கு வழி கிடைக்கும். கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே திருப்பி ஒவ்வொன்றாக எடுக்கணும். எல்லாம் வந்ததும் கன்வெர்ட்டரை கியர்பாக்ஸ் பக்கம் தள்ளிவிடுங்கள். சில இன்ஜின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் வளையம் இந்தத் தகட்டிலேயே இருக்கும். அப்படியானால் சென்சாரை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் உரசி உடையும்.

மேல் பெல் ஹவுசிங் போல்ட்டுகள்தான் பொறுமையைச் சோதிக்கும். கிராஸ் மெம்பரை எடுத்து கியர்பாக்ஸ் வாலைக் கொஞ்சம் தாழ்த்தினால், நீளமான எக்ஸ்டென்ஷனும் யூனிவர்சல் ஜாயின்ட்டும் போட்டு எட்டலாம். தாழ்த்தும்போது ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன், இன்ஜின் வயரிங் இழுபடாமல் ஒருவர் மேலே நின்று பார்க்கணும். இன்ஜின் பின்பக்கத்துக்கு பிளாக்கில் ஸ்டாண்ட் கொடுங்கள், ஆயில் சம்ப் தகட்டில் கொடுக்காதீர்கள். கியர்பாக்ஸ் ஜாக்கியில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கணும். நேராகப் பின்னால் இழுங்கள். பின்னால் வந்ததும் கன்வெர்ட்டர் நழுவி விழாமல் பெல் ஹவுசிங்கின் குறுக்கே ஒரு பட்டை வைத்து போல்ட் போடுங்கள்.

வாங்க வேண்டியவை: ஃப்ளெக்ஸ் பிளேட், புது கிராங்க் போல்ட் செட், புது கன்வெர்ட்டர் போல்ட்டுகள், டவல் பின் (கியர்பாக்ஸை நேராக உட்காரவைக்கும் வழிகாட்டி முளை) இரண்டு, கிராங்க் பின்பக்க ஆயில் சீல், கியர்பாக்ஸ் முன் பம்ப் சீல், ஏடிஎஃப், ஃபில்டர். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போது சீல் மாற்றுவது சில நிமிட வேலை. பிறகு கசிந்தால் இதே வேலையை மறுபடி செய்யணும்.

டயல்கேஜ்:

பாகத்தை மாற்றுவதைவிட அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் முக்கியம். காரணம் தெரியாமல் புதுத் தகட்டைப் போட்டால் அதுவும் அதே இடத்தில் உடையும்.

விரிசல் எங்கே ஓடுகிறது என்பதே பாதி பதில் சொல்லிவிடும். உங்களுக்கு இருப்பதுபோல கிராங்க் போல்ட் வட்டத்தைச் சுற்றி என்றால் முதல் சந்தேகம் கியர்பாக்ஸ் மையம் விலகி உட்கார்ந்திருப்பது. கன்வெர்ட்டர் போல்ட் துளைகள் நீள்வட்டமாகி அங்கிருந்து விரிசல் கிளம்பியிருந்தால் அந்த போல்ட்டுகள் தளர்ந்து ஓடியிருக்கின்றன. தகடு முழுவதும் இன்ஜின் பக்கம் குழிந்திருந்தால், கன்வெர்ட்டர் சரியாக உட்காரவில்லை அல்லது உப்பிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட வண்டியில் கிராங்க் த்ரஸ்ட் பேரிங்கும் (கிராங்க் முன்பின் நகராமல் தாங்குவது) அடி வாங்கியிருக்கலாம், கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்து அளந்து மேனுவலில் உள்ள எல்லையோடு ஒப்பிடாமல் மேலே போகாதீர்கள்.

ஓவர்ஹாலுக்குப் பிறகு ஒரு வருடத்தில் உடைந்திருப்பதால் டவல் பின்னைத்தான் முதலில் தேடணும். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு நேர்கோட்டில் நிறுத்துவது இந்தப் பின்கள்தான். போல்ட்டுகள் இறுக்கிப் பிடிக்க மட்டுமே, அவற்றின் துளையில் ஆட்டம் இருக்கும். ஒரு பின் இல்லையென்றால் கியர்பாக்ஸ் இம்மியளவு விலகி உட்காரும், கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு சுற்றுக்கும் தகடு ஒருமுறை வளைந்து நிமிரும். 2,000 ஆர்பிஎம்மில் ஒரு மணி நேரம் ஓடினால் 1,20,000 வளைவு. எந்த இரும்பு தாங்கும்?

கன்வெர்ட்டரின் முன்மூக்கு கிராங்க் நடுத்துளையில் நுழைகிறதே, அதையும் பாருங்கள். துருவோ பிசிரோ இருந்தால் நைஸ் எமரி பேப்பரால் துடைத்து மெல்லிய கிரீஸ் பூச்சு கொடுங்கள். மூக்கு முன்பின் நகர முடியாமல் சிக்கினால் அந்த விசை முழுவதும் தகட்டில்தான் இறங்கும்.

மண்பாதை:

நன்றி. கியர்பாக்ஸ் கீழே வந்துவிட்டது. இடது பக்க டவல் பின் இல்லவே இல்லை. வலது பின் இருக்கிறது, ஆனால் பாதி நசுங்கியிருக்கிறது. தகட்டில் விரிசல் எதிர்ப்பக்கத்திலும் தொடங்கியிருக்கிறது. கிராங்க் ஆட்டம் எல்லைக்குள் இருக்கிறது. இனி ஏற்றும்போது எதில் தவறு நடக்கும்?

ஸ்பானர்17:

இரண்டு பின்னையும் புதிதாக அடியுங்கள். துளை தேய்ந்து பின் தளர்வாக இருந்தால், லாக்டைட் (போல்ட் பசை) ஊற்றிச் சமாளிக்காமல் துளையைச் சரிசெய்யணும்.

பழைய தகட்டையும் புதியதையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்: துளை வட்டம், ரிங் கியர் பல் எண்ணிக்கை, தகட்டின் குழிவு ஆழம், பேலன்ஸ் எடை. எந்தப் பக்கம் கியர்பாக்ஸைப் பார்க்கணும் என்று கழற்றும்போதே குறித்திருப்பீர்கள். திருப்பிப் போட்டால் ஸ்டார்ட்டர் பல் சரியாகச் சேராது. வலுவூட்டும் வளையத் தகடு இருந்தால் அது இருந்த பக்கத்திலேயே போகணும்.

கிராங்க் பின்முகத்தில் பெயின்ட், துரு, பழைய லாக்டைட் எதுவும் இருக்கக்கூடாது. போல்ட் துளை சம்ப் வரை திறந்திருந்தால் நூலில் சீலன்ட் தேவை. போல்ட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச்சில் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் கிட்டேயே வரக்கூடாது. டார்க் அளவு உங்கள் இன்ஜின் மேனுவலில் உள்ளதுதான், இன்னொரு இன்ஜினின் எண்ணைப் போடாதீர்கள். கோணக் கணக்கில் இறுக்கும் வகை என்றால் பழைய போல்ட் குப்பைக்கு.

கிராங்க் பின்பக்க சீல் டெஃப்லான் உதடு வகை என்றால் காய்ந்த நிலையில்தான் போடணும். பழக்கத்தில் விரலில் ஆயில் தொட்டுத் தடவிவிடுவார்கள், அதுவே கசிவுக்குக் காரணமாகிவிடும்.

அடுத்து கன்வெர்ட்டர். அழுத்திக்கொண்டே சுற்றுங்கள். ஸ்டேட்டர் ஷாஃப்ட், இன்புட் ஷாஃப்ட், கடைசியாக பம்ப் பல் என்று படிப்படியாக 'தொம்' என்று உள்ளே இறங்கும். கடைசிப் படி இறங்காமலே உட்கார்ந்தது போலத் தெரியும், அங்கேதான் ஏமாறுகிறோம். பெல் ஹவுசிங் முகத்தில் நேர்பட்டை வைத்து, கன்வெர்ட்டர் போல்ட் மேடை எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று அளந்து மேனுவல் அளவோடு ஒப்பிடுங்கள்.

கியர்பாக்ஸ் முகம் கையால் தள்ளியே பிளாக்கில் ஒட்டணும். இடைவெளி நிற்கிறதா? போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள். பம்ப் கியர் அங்கேயே உடையும். பின்னால் இழுத்து மறுபடி பாருங்கள். எல்லா பெல் ஹவுசிங் போல்ட்டும் இறுகிய பிறகு கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்றணும், தகட்டுக்கும் அதற்கும் நடுவே பெரும்பாலும் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்கணும். இடைவெளியே இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

கறுப்பு_கிரீஸ்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கிறேன். கன்வெர்ட்டர் போல்ட் நீளம் ஒரிஜினல்தானான்னு வெர்னியர் வச்சுப் பாருங்க. கொஞ்சம் நீளமான போல்ட் போட்டா, முனை கன்வெர்ட்டர் முன்மூடியை உள்பக்கமா புடைக்க வச்சிரும். லாக்கப் கிளட்ச் (கன்வெர்ட்டரை நேரடியா பூட்டுற கிளட்ச்) உட்காருற முகம் அதுதான். புடைச்சா கிளட்ச் வழுக்கி எரியும், கன்வெர்ட்டரே போச்சு. எல்லா போல்ட்டையும் கையால முழுசா ஏத்தின பிறகே டார்க் வைங்க. ஒண்ணை மட்டும் முதல்ல இறுக்கிட்டா மத்த துளை நேருக்கு வராது.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இன்ஜினைக் கையால ரெண்டு முழு சுத்து திருப்புங்க, உரசல் கேட்கக்கூடாது. கன்வெர்ட்டர் நிறைய ஆயில் குடிக்கும். அதனால முதல்ல ஊத்துற அளவோட நிறுத்தாம, ஐடில்ல ஓடவிட்டு லீவர எல்லா கியருக்கும் மெதுவா நகர்த்திட்டு, சூடானதும் மேனுவல்ல சொன்ன வெப்பநிலையில லெவல் பாருங்க. இன்ஸ்பெக்‌ஷன் மூடியை மட்டும் கடைசியா மாட்டுங்க.