ஆயாவின் நினைவு மலரில் என்ன எழுதலாம்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். தொண்ணூறைத் தாண்டி வாழ்ந்த ஆயா போன வாரம் தவறிவிட்டார். காரியத்துக்கு நினைவு மலர் அச்சடிக்கிறோம், 'பாசமானவர்' என்று மட்டும் போட்டால் யாருக்கும் பொருந்திவிடும், வேறு என்ன எழுதலாம்?

பதில்: சேலம் மாவட்டத்தில் பிறந்திருப்பார். 1965-ல் அது தருமபுரி, 2004-ல் கிருஷ்ணகிரி. ஊரை விட்டு நகராமலே மூன்று மாவட்டம் பார்த்தவர், அதைப் போடுங்க தம்பி.

பதில்: சாப்பாட்டை விட்டுடாதீங்க. எங்க ஆயா கேழ்வரகுக் களியை ஈரக்கையால் உருட்டி, நடுவில் குழி பண்ணி, கீரைக் கடைசலை ஊற்றித் தருவார், கடைசி ஆள் எழுந்திருக்கும் வரை அவர் தட்டு எடுக்கமாட்டார்.

கேட்டவர்: நன்றி அண்ணா. எங்கள் ஆயா வைக்கோலில் மாங்காய் பழுக்க வைப்பார், எந்தப் பேரனுக்கு செந்தூரா ரகம், யாருக்கு பெங்களூரா ரகம் என்பது கடைசிவரை மறக்கவில்லை. சரி, அத்தைகளிடமும் கேட்டு எழுதுகிறேன்.